தொட்டி சாரின் நீலச் சுடர்

"இன்னைக்கும் பத்தலையா சார்?"

"பத்தல."

"தீக்குச்சி நமுத்துப்போயிருக்கும் சார்."

தொட்டி சார் கம்பியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பம்ப் ஆபரேட்டருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். நீளக் கம்பியின் நுனியில் சுற்றிய துணி ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. எரிய வேண்டிய குழாய் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல வானத்தைப் பார்த்து நின்றது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் இருக்கிறது. நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் தொட்டி சார் என்றால்தான் தெரியும். நிலையத்தின் கோடியில், பச்சை வண்ணம் பூசி, காற்றுப் புகாமல் இறுக்கி மூடிய ஒரு தொட்டி நின்றது. அதற்கு அவர்தான் பொறுப்பாளர். பிள்ளை குட்டி இல்லாத மனிதர், அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

நிலையத்தின் மற்ற தொட்டிகளில் ராட்சச ஊதுகுழல்கள் ராப்பகலாகக் காற்றை ஊதினால்தான் கிருமிகள் வேலை பார்க்கும். அந்த ஊதுகுழல்களே ஊர் மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்தன. தொட்டி சாரின் கிருமிகள் வேறு ரகம். காற்றே ஆகாது. இருட்டில் கிடந்து ஊர்ச் சாக்கடையின் அழுக்கைத் தின்னும், தின்றதற்குக் கைம்மாறாக எரியும் வாயுவைக் கொடுக்கும். மிச்சத் தண்ணீரைச் சேமியா போன்ற மெல்லிய சவ்வுக் குழல்கள் உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே வடிகட்டி வெளியே அனுப்பும். தண்ணீர் தப்பலாம், கிருமி தப்ப முடியாது. இவ்வளவு ஒழுங்கான பணியாளர்களை இந்த நகராட்சி அதன் சரித்திரத்திலேயே கண்டதில்லை என்று தொட்டி சார் அடிக்கடி சொல்வார். மற்ற பணியாளர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

வாயு வருகிறது என்பதற்கு அத்தாட்சி அந்தக் குழாயின் உச்சியில் எரியும் நீலச் சுடர்தான். ஆரம்பத்தில் முழ உயரத்துக்கு நின்று எரிந்தது. பிறகு சாண் ஆயிற்று. பிறகு விரல். இந்த வாரம் அந்த விரலையும் காணோம்.

சுடர் அணைந்தால் அணைந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் வழியில்லை. ஊருக்குப் புதிதாகப் பெரிய நிலையம் கட்டப்போகிறார்கள். அது ஊதுகுழல் நிலையமா, தொட்டி சாரின் மூடிய தொட்டியா என்று முடிவு செய்ய ஒரு குழு வருகிறது. குழுத் தலைவி கறாரான அம்மாள். அவர் வைத்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தொட்டியின் வாயுவில் ஒரு வீட்டு அடுப்பாவது எரிய வேண்டும். எரிந்தால் இதே மாதிரி பெரிய தொட்டிகள் எழும்பும். எரியாவிட்டால் இதை வெட்டி இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். தொட்டி சார் பழையபடி புகார்ப் பிரிவுக்குப் போய், சாக்கடை அடைத்துக்கொண்டவர்களின் போனை எடுத்து "பார்க்கறோம்" என்று சொல்ல வேண்டும். பதினேழு வருடம் அவர் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தவர். அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போக அவர் தயாராக இல்லை.

தலைமைப் பொறியாளருக்குப் போன் போட்டார். பெரியவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். ஊதுகுழல் கட்சி.

"தண்ணி எப்படி வருது?" என்றார் பெரியவர்.

"பளிங்கு மாதிரி வருது சார்."

"உள்ளே புளிப்பு ஏறியிருக்கா?"

"இல்ல சார். லேப் அம்மா ரெண்டு தடவை சோதிச்சுட்டாங்க. எல்லாம் சரியா இருக்கு."

"எங்கயாவது கசியுதோ?"

"மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணி தடவிப் பார்த்துட்டேன் சார். ஒரு குமிழிகூட வரல. ஃபிட்டர் மாத்தலாகிப் போறதுக்கு முன்னாடி எல்லாக் குழாய்க்கும் மஞ்சள் பெயிண்ட் அடிச்சு வச்சுட்டுத்தான் போனார். எல்லாம் புதுசு மாதிரி இருக்கு."

"அப்போ விஷயம் முடிஞ்சுது. கேஸ் இல்லைன்னா உங்க கிருமிங்க செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"செத்திருந்தா தண்ணி எப்படி சார் பளிங்கா வரும்?"

"அது சல்லடை பண்ற வேலைய்யா! பிணத்தைப் போட்டாலும் அது தெளிவாத்தான் வடிகட்டும்."

இதைச் சொல்லும்போது பெரியவரின் குரலில் துக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

நிலையத்து மதிலுக்குப் பின்னால்தான் நகராட்சிக் குடியிருப்பு. ஒரே வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், நூலகர், பூங்காக் காவலர் என்று பல துறைக்காரர்கள் இருந்தார்கள். ஃபிட்டர் போன பிறகு கழிவுநீர்க்காரர் என்று மிஞ்சியவர் தொட்டி சார் ஒருவர்தான். அதனாலோ என்னவோ, அந்த வரிசையில் முன்பெல்லாம் அவரைக் கண்டால் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்வார்கள்.

இப்போது என்னவோ நிலைமை மாறியிருந்தது. மத்தியானம் சாப்பிட வந்தபோது மேஜைமேல் ஒரு புதுக் கிண்ணம் உட்கார்ந்திருந்தது.

"இது யார் வீட்டுக் கிண்ணம்?"

"எதிர்வீட்டு நர்ஸம்மா குடுத்தாங்க. மீன் வறுவல். நேத்து டிரைவர் வீட்டுலேர்ந்து கீரை வந்துது" என்றாள் மனைவி. "சாருக்கு எவ்வளவு செஞ்சாலும் தகும்னு சொல்லிட்டுப் போறாங்க."

"எதுக்காம்?"

"அதான் எனக்கும் புரியல. நீங்க யாருக்கு என்ன பண்ணிக் கிழிச்சீங்க?"

தொட்டி சார் யோசித்தார். செய்தி பரவிவிட்டது. தொட்டி செத்துக்கொண்டிருப்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. துக்க வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறார்கள்.

"சாப்பிடாம என்ன யோசனை? மீன் மொறுமொறுன்னு வந்திருக்கு. நம்ம கரண்ட் அடுப்புல இப்படி வருமா?"

"தொட்டி மட்டும் பிழைச்சுதுன்னா நம்ம வீட்டுக்கும் ஒரு கேஸ் அடுப்பு..."

"அந்தப் பேச்சே வேண்டாம்!" மனைவி மீனின் முள்ளைக் கவனமாக எடுத்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "சாக்கடைக் காத்துல சமைச்சதை நான் பட்டினி கிடந்தாலும் தொடமாட்டேன். நினைச்சாலே குமட்டுது." இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் லேப் அம்மா ஒரு யோசனை சொன்னார். ஆய்வகத்தை அவர் ஒருவராகவே நடத்திவந்தார், ஆகவே எப்போதும் களைத்திருந்தார்.

"என் கணக்குப்படி தொட்டிக்கு ஒண்ணுமே இல்ல சார். இருந்தாலும் நீங்க கேக்கறதால சொல்றேன். மழைத் தண்ணி கலந்து சாக்கடை நீர்த்துப்போயிருக்கலாம். கிருமிக்கு வயிறு நிறையாம இருக்கலாம். சக்கரைச் சத்துள்ளதா ஏதாவது கொஞ்சமா, ரொம்பக் கொஞ்சமா..."

தொட்டி சாரின் காதில் வயிறு நிறையவில்லை என்பதுவரைதான் விழுந்தது. அவருடைய குழந்தைகள் பட்டினி! அதை ஒரு தகப்பன் எப்படிப் பொறுப்பான்? குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றில் நாள் கடந்த ஆரஞ்சுப் பானம் கொட்ட இடமில்லாமல் தேங்கிக் கிடப்பதாகப் பம்ப் ஆபரேட்டர் சொன்னார். லாரி வந்தது.

"மொத்தமும் ஊத்தணுமா சார்?" என்றார் பம்ப் ஆபரேட்டர்.

"நோஞ்சானுக்குச் சொட்டுச் சொட்டா குடுத்தா எப்படிய்யா தேறும்? ஊத்து!"

மறுநாள் காலையில் வாயுவை அளக்கும் மானியின் முள் துள்ளியது. துள்ளியது என்றால் சும்மா இல்லை, கிறுகிறுவென்று சுற்றியது. தொட்டி சார் சின்னப் பையனைப்போல ஓடிப்போய்க் கம்பியைக் கொண்டுவந்தார். துணியைப் பற்றவைத்துக் குழாய் வாயில் நீட்டினார்.

குழாய் பற்றவில்லை. அதோடு விட்டாலாவது பரவாயில்லை. துணியில் எரிந்துகொண்டிருந்த தீயும் பொசுக்கென்று அணைந்தது.

"ஊதி அணைச்சுட்டுது சார்!" என்றார் பம்ப் ஆபரேட்டர், அதிசயித்துப்போய்.

லேப் அம்மா வந்து மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "வர்றது எரியற கேஸ் இல்ல சார். சோடா பாட்டில்லேர்ந்து வருமே, அந்த கேஸ். இனிப்பை அள்ளிக் கொட்டினதுல தொட்டி புளிச்சுப்போச்சு. நேத்து வரைக்கும் நல்லா இருந்துது."

"நேத்தே நல்லா இல்லம்மா. அதனாலதானே ஊத்தினோம்."

"அதுவும் சரிதான்" என்றார் லேப் அம்மா, அவ்வளவு சரியில்லை என்ற முகத்தோடு.

அன்றைக்கு நூலகர் வீட்டிலிருந்து பயறு வந்தது. பாதி வேகவில்லை. "அவசரத்துல இறக்கிட்டாங்கபோல. ஆனாலும் மறக்காம குடுத்தனுப்பினாங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்?" என்று மனைவி மென்றுகொண்டே இருந்தாள்.

புளிப்பை முறிக்கச் சோடா உப்பு வேண்டும், அதையும் சிறுகச் சிறுகப் போட வேண்டும் என்று லேப் அம்மா சொல்லியிருந்தார். கிடங்குக்காரர் சோடா உப்பு என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

"சுண்ணாம்பு இருக்கு. மலை மாதிரி கிடக்கு. வேணும்னா அள்ளிக்கிட்டுப் போங்க."

"அதுவும் புளிப்பை முறிக்குமில்ல?"

"முறிக்கும், முறிக்கும். கையில பட்டா தோலே உரிஞ்சுபோகும்."

இதை ஒரு நற்சான்றாக எடுத்துக்கொண்டார் தொட்டி சார். மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கரைந்து தொட்டிக்குள் போயிற்று. புளிப்பு முறிந்தது. முறிந்தது மட்டுமல்ல, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கூடவே தண்ணீரும் போயிற்று. உள்ளே இருந்த சேமியாக் குழல்களின்மேல் சுண்ணாம்பு படிந்து இறுகி, துளைகளெல்லாம் அடைத்துக்கொண்டன. உறிஞ்சும் பம்பு செருமியது, முனகியது, கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நேற்றுவரை பளிங்காகக் கொட்டிய குழாயில் சொட்டு நீர் இல்லை. இதுவரை போகாத மானமும் அத்தோடு போயிற்று.

"முன்னாடி கேஸ் மட்டும்தான் இல்ல. இப்போ தண்ணியும் இல்ல" என்று நிலவரத்தைத் தொகுத்துச் சொன்னார் பம்ப் ஆபரேட்டர்.

"வாயை மூடுய்யா!"

"நான் சொல்லலைன்னா மட்டும் வரவா போகுது?"

குழல்களை வெளியே எடுத்து அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். ஆனால் வெளியே எடுக்க மூடியைத் திறக்க வேண்டும். மூடியைத் திறந்தால் காற்றுப் புகுந்துவிடும். தன் கையாலேயே அவற்றுக்குக் காற்றைக் காட்டிக் கொல்வதா? தொட்டி சாரால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆகவே மூடியைத் திறக்காமல், வெளியிலிருந்து குழல்களுக்குள் பின்பக்கமாக மருந்தைச் செலுத்தி அடைப்பை எடுப்பது என்று தீர்மானித்தார். கிடங்கில் அமிலம் இல்லை. குடிநீரில் கலக்கும் பிளீச்சிங் திரவம் பீப்பாய் பீப்பாயாக இருந்தது.

"சார், அது கிருமியைக் கொல்ற மருந்து" என்றார் லேப் அம்மா. "பின்னாடியிலேர்ந்து அடிச்சா எல்லாம் தொட்டிக்குள்ளதானே போகும்?"

"துளையைக் கழுவற அளவுக்கு மட்டும்தாம்மா. ஒரே ஒரு தடவை."

ஒரு தடவை அடித்தார். பிளீச்சிங் திரவத்துக்குச் சுண்ணாம்பைக் கரைக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில்தான். அடைப்பு விடவில்லையே என்று இரண்டாவது தடவை அடித்தார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். சாயங்காலம் லேப் அம்மா மாதிரி எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்து குப்பியைக் கையில் உருட்டியபடி அவர் பக்கத்தில் நின்றார்.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லையா?" தொட்டி சாரின் முகம் சற்றே மலர்ந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்ல சார். எல்லாம் போயிட்டுது."

தொட்டி சார் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பச்சை இரும்புச் சுவரில் கையை வைத்தார். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் சுவர் அது. அன்றைக்கும் வெயிலில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் தாங்கவில்லை.

ஆனாலும் மனிதர் லேசில் விடுகிறவர் இல்லை. பக்கத்து நகரத்தில் இதே மாதிரி ஒரு பழைய தொட்டி உண்டு. அங்கே போய்க் கைகாலில் விழாத குறையாகக் கெஞ்சி, கிருமி நிறைந்த கரிய சேற்றை நாலைந்து பிளாஸ்டிக் கேன்களில் வாங்கிவந்தார். விதைச் சேறு. பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத் தொட்டியில் ஊற்றினால் கிருமிகள் பெருகும். ஆனால் தொட்டியில் இருந்த பிளீச்சிங் வாடை போக இரண்டு நாளாவது ஆகும் என்று லேப் அம்மா சொன்னார். அதுவரை கேன்களைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். நிலையத்தில் கதகதப்பான இடம் எதுவும் இல்லை. வீட்டுக் குளியலறையில் வெந்நீர்க் கொதிகலன் இருந்தது.

"அது என்ன கேனு?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் சாமான்."

"என்ன ஆபீஸ் சாமான்?"

"கொஞ்சம் மென்மையான சாமான். நீ அந்தப் பக்கம் போகாம இருந்தா நல்லது."

குளியலறைப் பக்கம் போகாமல் ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. கேனின் மூடிகளை இறுக்கி மூடியிருந்தார், காற்றுப் படக்கூடாதே என்று. உள்ளே இருந்தவையோ கதகதப்பு கிடைத்த குஷியில் வாயு விட்டுத் தள்ளின. மறுநாள் காலை மனைவி தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து முதல் கேன் வெடித்தது.

அலறல் கேட்டுத் தொட்டி சார் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கூரை கறுப்பு, சுவர் கறுப்பு, கண்ணாடி கறுப்பு. நடுவில் சகதர்மிணி, அவளும் கறுப்பு. அவர் கண்கள் கலங்கின.

"உயிரோட இருக்கு!" என்றார் நாத்தழுதழுக்க. "பார்த்தியா, என்ன வேகம்! உயிரோட இருக்கு!"

"நான் உயிரோட இருக்கேனான்னு பார்த்தீங்களா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. அதோடு இன்னொன்றும் நின்றுபோயிற்று. தொட்டி சாருக்கு அது மனைவியின் மௌனத்தைவிட அதிகமாக உறைத்தது. எந்த வீட்டிலிருந்தும் கிண்ணம் வரவில்லை. கீரை இல்லை, மீன் இல்லை, வேகாத பயறுகூட இல்லை. வரிசையில் நடந்து போனால் வாசலில் நிற்கிறவர்கள் அவரைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுப்பார்கள், அவர் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். ஊரே கைகழுவிவிட்டது என்று புரிந்துகொண்டார். துக்கம் விசாரிப்பதற்கும் ஒரு எல்லை உண்டல்லவா?

மிஞ்சிய கேன்களைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினார். வாடை போய்விட்டது என்று மூக்கு சொல்லிற்று. மூக்கைவிட லேப் அம்மாவை நம்பியிருக்கலாம். விதைச் சேறும், போன கிருமிகளின் வழியிலேயே போய்ச் சேர்ந்தது.

குழு வரும் நாள் காலையில் பம்ப் ஆபரேட்டர் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டு சிலிண்டரை சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்திருக்கேன். மானிக்குப் பின்னாடி மறைச்சு வச்சு ட்யூபைச் சொருகிட்டா சுடர் நிக்கும். யாருக்கும் தெரியாது. நமக்கும் தொட்டி மிஞ்சும்."

தொட்டி சார் அந்த சிலிண்டரைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். புகார்ப் பிரிவின் நாற்காலி, அந்தப் போன், "பார்க்கறோம்", எல்லாம் கண்முன்னால் வந்துபோயின. ஆசையாகத்தான் இருந்தது.

"வேண்டாம்யா" என்றார் கடைசியில். "பொய் சொல்லி ஜெயிச்சா, நாளைக்குப் பெரிய தொட்டி கட்டிட்டு அதுலயும் கேஸ் வரலைன்னா ஊர் சிரிக்கும். அதுங்க முடிஞ்ச வரைக்கும் உழைச்சுதுங்க. செத்ததுக்கப்புறம் அதுங்க பேர்ல மோசடி வேண்டாம்."

பம்ப் ஆபரேட்டர் சிலிண்டரைத் திரும்ப சைக்கிளில் ஏற்றினார்.

குழு வந்தது. பெரியவர் சலவை மடிப்புக் கலையாமல் முன்னால் நடந்தார். குழுத் தலைவி தொட்டியை ஒருமுறை சுற்றிவந்தார், மானியைப் பார்த்தார், சுண்ணாம்பு வழிந்து காய்ந்திருந்த தரையைப் பார்த்தார். பிறகு தொட்டி சாரைப் பார்த்தார்.

"நேரடியாவே கேக்கறேன். இதுல ஒரு வீட்டு அடுப்பு எரியுமா?"

"எரியாதும்மா."

"முன்னாடி எப்பவாவது எரிஞ்சிருக்கா?"

சுடர் எரிந்தது உண்மை. ஆனால் வானத்தைப் பார்த்து எரிந்த சுடரில் யாரும் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் காய்ச்சியதில்லை. "இல்லம்மா. அடுப்புன்னு எதுவும் எரிஞ்சதில்ல."

"நான் நிறைய கேக்கலையே. ஒரே ஒரு வீடு. அதை யாராவது காட்டியிருந்தா போதும், நான் இந்தப் பக்கம்தான் பேசியிருப்பேன். எனக்கும் இது ஜெயிக்கணும்னுதான் ஆசை." அந்தக் கறாரான அம்மாளின் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி."

அவ்வளவுதான். கூட்டம் ஊதுகுழல்களின் பக்கம் நகர்ந்தது. பெரியவர்கூட அன்றைக்கு வெற்றி முகம் காட்டவில்லை. தொட்டி சாரின் தோளைத் தட்டி, "விடுங்க. புகார்ப் பிரிவுல உங்க நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்றேன்" என்று தன்னால் இயன்ற ஆறுதலைச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானமே வெட்டுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். கீறிய இடத்தில் பொறி பறந்தது. முதல் தகடு கழன்று விழுந்தபோது உள்ளே வெளிச்சம் போயிற்று, காற்றும் போயிற்று. இத்தனை வருடம் காக்கப்பட்ட இருட்டு ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. லேப் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டார். தொட்டி சார் அழுதார். வெட்கப்படாமல், தோள் குலுங்க, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரைப்போல அழுதார். வெட்டுகிற ஆட்கள் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டு, இது எதற்கு என்று விளங்காமல் மறுபடி தொடங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். மனைவி வெளியே எட்டிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தவுடன் கோபமெல்லாம் எங்கோ போயிற்று. வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் நான்தான் கெடுத்தேனோன்னு இருக்கு" என்றார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? அதுவே செத்துப்போச்சு. நீங்க காப்பாத்தத்தானே பார்த்தீங்க?"

அது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஆறுதல். தானாகச் செத்தது. காப்பாற்றப் பார்த்தோம், முடியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளிவிடலாம் என்று தோன்றியது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நர்ஸம்மா தயங்கித் தயங்கி வந்தார். அவருக்குப் பின்னால் டிரைவரின் மனைவி, நூலகர், பூங்காக் காவலர் என்று வரிசையே திரண்டு வந்தது. ஒருவர் கையிலும் கிண்ணம் இல்லை. இத்தனை பேர் வந்து துக்கம் கேட்கிறார்களே என்று தொட்டி சார் நெகிழ்ந்து எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார், நீங்க ஏதோ கஷ்டத்துல இருக்கீங்கன்னு தெரியுது, அதான் இத்தனை நாளும் கேக்கல" என்றார் நர்ஸம்மா. "வீணா எரியறது நாலு பேருக்கு ஆகட்டும்னு நீங்க சொன்னதாச் சொல்லி ஃபிட்டர் போறதுக்கு முன்னாடி உங்க தொட்டியிலேர்ந்து லைன் இழுத்துக் குடுத்தாரே, ரெண்டு மாசமா இந்த வரிசையில பைப் பத்தாமப் போன உங்க வீட்டைத் தவிர அத்தனை வீடும் அந்த கேஸ்லதான் சமைச்சோம், இப்போ ஒரு வாரமா ஒருத்தர் வீட்டுலயும் அடுப்பு பத்தல, அது மறுபடி எப்ப சார் வரும்?"